குளத்தில் ஜேசிபி இறங்குவதற்கு முன்: நெல்லைச் சீமையில் ஊர்ச் சுற்றுச்சூழல் திட்டம் போடுவது எப்படி?

சுற்றுச்சூழல் திட்டமிடல் படித்துவிட்டு முதல் வேலையாகத் திருநெல்வேலிப் பக்கம் வருகிறவர்கள், தொண்டு நிறுவனங்களில் ஊர் ஊராகப் போகிறவர்கள், ஒன்றியப் பொறியாளர்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையில் வைத்துக்கொண்டு "எந்தக் குளத்தைத் தூர்வாரலாம்?" என்று கேட்கிறவர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. நெல்லைச் சீமையில் ஊர் மேம்பாடு என்று எங்கே தொடங்கினாலும் குளத்தில்தான் போய் நிற்கும். குடிதண்ணீர், நெல், மீன், பாய்க்கோரை, பானை மண், பறவை, வெள்ளம், சாக்கடை எல்லாம் அங்கேதான் சந்திக்கின்றன. ஆகவே குளத்தை மையமாக வைத்தே சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே தனிக்குளம் என்று பெரும்பாலும் எதுவும் கிடையாது. மேலே ஒரு குளம் மறுகால் பாய்ந்தால்தான், அதாவது நிரம்பி உபரித் தண்ணீர் வழிந்தால்தான், கீழே உள்ள குளம் பெருகும். ஊராட்சி எல்லையை வைத்துத் திட்டம் போடுகிறவர் பாதிக் குளத்துக்குத்தான் திட்டம் போடுகிறார்.

ஊர் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள். கடைசியாகச் சொன்னது வெள்ளைக்காரர் காலத்தது. மற்றவை அதற்கு முந்தியவை. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் நிரப்புகிற குளங்கள் ஒரு வகை. ஆற்றில் தண்ணீர் திறக்கும் தேதிதான் இவற்றின் தலையெழுத்து. ஆனி, ஆடியில் கார் நெல் சாகுபடி, ஐப்பசிக்கு மேல் பிசான நெல் சாகுபடி என்று ஊரின் நாட்காட்டியே அதை ஒட்டித்தான் ஓடும்.

மானாவாரிக் குளங்கள் இரண்டாவது வகை. மானூர்ப் பக்கமும், தெற்கே நாங்குநேரி, ராதாபுரம் பக்கமும் இவைதான் அதிகம். வடகிழக்குப் பருவமழை கைவிட்டால் குளம் ஆடு மேய்கிற தரையாகக் கிடக்கும். அம்பாசமுத்திரம், களக்காடு மலையடிவாரக் குளங்கள் மூன்றாவது வகை: மலையோடைகள் நேராக வந்து விழும். தண்ணீர்க் கவலை குறைவு, காட்டுப்பன்றிக் கவலை அதிகம்.

பிரித்துச் சொன்னாலும் எல்லாம் கலந்துதான் கிடக்கின்றன. கன்னடியன் கால்வாயில் வெள்ளாங்குழியில் தொடங்கி எம்.எல். தேரி வரை போகிற தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு வெள்ளநீர்க் கால்வாய் 2009-ல் ஆரம்பித்த திட்டம். அதன் வழியில் இருக்கிற மானாவாரிக் குளம் ஒன்றுக்குத் திட்டம் போடுவதாக இருந்தால் பழைய வரத்துக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. கால்வாய் எங்கே குறுக்கிடுகிறது, பழைய ஓடையை எங்கே வெட்டுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

காகிதம்

கிராம நிர்வாக அலுவலரிடம் மூன்று கேளுங்கள்: அ-பதிவேடு (சர்வே எண்வாரியான நிலப் பதிவேடு), கிராம வரைபடம், குளத்தையும் வரத்துக்காலையும் (குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை) தொடுகிற எல்லா சர்வே எண்களுக்கும் எஃப்.எம்.பி. (புல அளவை வரைபடம்). அ-பதிவேடும் எஃப்.எம்.பி.யும் அரசின் இணையச் சேவையிலும் கிடைக்கும். ஆனாலும் அலுவலகத்துக்குப் போய்க் கேட்பது நல்லது. கிராம உதவியாளர் வாயிலிருந்து வரும் தகவல் எந்தத் தளத்திலும் இல்லை.

அடுத்து, குளம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு (குளத்துத் தண்ணீர் பாய்கிற நிலம்) 40 எக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். (2021 வரை பொதுப்பணித் துறைக்குள் இருந்தது தனித்துறை ஆகிவிட்டது, ஊரில் இன்னும் 'பிடபிள்யூடி' என்றே சொல்வார்கள்.) நீர்வளத் துறைக் குளமாக இருந்தால் உட்கோட்ட அலுவலகத்தில் 'மெமாயர்' இருக்கிறதா என்று கேளுங்கள். 1883-ல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய குளச் சீரமைப்புத் திட்டத்தில் குளம் குளமாக எழுதி வைத்த குறிப்பு அது. கரை நீளம், மடை (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு) மட்டம், கலிங்கு (உபரித் தண்ணீர் வழிகிற கட்டுமானம்) மட்டம், நீர்ப்பிடிப்பு, ஆயக்கட்டு எல்லாம் அதில் இருக்கும். தாள் பொடிந்துபோயிருக்கலாம். போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உங்கள் திட்டத்தில் இதைவிட மதிப்புள்ள ஆவணம் வேறு இருக்கப் போவதில்லை.

நடந்து பார்ப்பது

இதைத்தான் எல்லோரும் அவசரமாக முடிக்கிறார்கள். ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்து, அறிக்கையின் அட்டையில் போட்டுவிடுகிறார்கள். ட்ரோனுக்குக் குளம் தெரியும். சாலைக்கு அடியில் இருக்கும் குழாய் தெரியாது.

மறுகாலில் தொடங்கித் தண்ணீருக்கு எதிராக நடங்கள். கலிங்கு, கரை, மடைகள், குளத்தின் உள்வாய் (தண்ணீர் தேங்கும் உட்பரப்பு), வரத்துக்கால், அதன் மேலே அடுத்த குளத்தின் மறுகால் வரை. கையில் டேப், எஃப்.எம்.பி. நகல், பென்சில். வரத்துக்கால் சாலையைக் கடக்கிற ஒவ்வொரு இடத்திலும் நில்லுங்கள். உதாரணமாக, எஃப்.எம்.பி.யில் ஓடையின் அகலம் 8 மீட்டர். சாலைக்கு மேல்புறம் அளந்தால் 3 மீட்டர். மீதியில் ஒருவர் வாழை வைத்திருக்கிறார். சாலைக்கு அடியில் 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் இரண்டு. ஒன்றில் பாதி வரை மண். இன்னொன்றின் வாயில் முள்ளும் பிளாஸ்டிக் பையும் ஒரு கிழிந்த பாயும். குனிந்து மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் குளத்தை எத்தனை ஆழம் தோண்டினாலும் தண்ணீர் வரப்போவதில்லை. இந்தக் குழாயைக் குறிக்காத திட்ட அறிக்கை குப்பைக்குச் சமம்.

இரண்டு முறை நடக்க வேண்டும். சித்திரையில் ஒரு முறை, தரை தெரியும்போது. ஐப்பசியிலோ கார்த்திகையிலோ மழை வெளுத்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு முறை. தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே வழிமாறி ஓடுகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் காண முடியும்.

நடக்கும்போது மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிறவரை உடன் கூட்டிக்கொள்ளுங்கள். நீர்பாய்ச்சி என்றோ மடைக்காரர் என்றோ ஊருக்கு ஊர் பெயர் மாறும். கேள்விப்பட்டியலை நீட்ட வேண்டாம். பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணாச்சி, கடைசியா எப்ப மறுகால் பாஞ்சுது?"

"அந்த மார்கழி வெள்ளத்துல பாஞ்சுது தம்பி. அதுக்குப் பொறவு எங்க? மேலக்குளத்துல கலிங்குல மணல் மூட்டைய அடுக்கி வச்சிருக்கான். அவன் பெருகி முடிஞ்சுதான் நமக்கு."

"மூட்டையை யாரு வச்சது?"

"மீன் குத்தகைக்காரன். தண்ணி நின்னாத்தான அவனுக்கு மீனு."

இந்த நாலு வரியில் ஒரு நீரியல் தகவல், ஒரு தகராறு, அதன் பொருளாதாரக் காரணம் மூன்றும் கிடைத்துவிட்டன. கேள்வித்தாளில் 'நீர் ஆதாரத்தில் திருப்தியா: ஆம் / இல்லை' என்று கேட்டிருந்தால் 'இல்லை' என்ற ஒரு சொல்தான் கிடைத்திருக்கும்.

கணக்கு

பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு எக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 10 கனமீட்டர் தண்ணீர். இதை வைத்துக்கொண்டே முக்கால்வாசி தூரம் போய்விடலாம்.

ஒரு மானாவாரிக் குளத்தை எடுத்துக்கொள்வோம். நீர்ப்பரப்பு 30 எக்டேர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். கொள்ளளவு 4,50,000 கனமீட்டர். சொந்த நீர்ப்பிடிப்பு 200 எக்டேர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 1,00,000 கனமீட்டர். காய்ந்த செம்மண் தரையில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தது என்று வைத்தால் குளத்துக்கு 20,000. கணுக்கால் கூட நனையாது. தரை ஊறிய பிறகு ஒரே நாளில் 150 மில்லிமீட்டர் கொட்டி, பாதி ஓடி வந்தால் 1,50,000. அப்படி மூன்று நாள் வாய்த்தால்தான் குளம் சொந்தக்காலில் நிரம்பும். மற்றபடி மேலக்குளத்து மறுகாலை நம்பித்தான் பிழைப்பு. அந்த மணல் மூட்டை ஏன் முக்கியம் என்று இப்போது புரியும்.

சரி, நிரம்பிவிட்டது. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 100 நாளில் அரை மீட்டர் போச்சு. 30 எக்டேருக்கு அது 1,50,000 கனமீட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்கு. மீதி 3,00,000. ஒரு எக்டேர் நெல்லுக்குச் சுமார் 12,000 கனமீட்டர் வேண்டும் என்று வைத்தால் 25 எக்டேர்தான் தாங்கும். இதில் கசிவைக் கழிக்கவில்லை, பயிரின் மேல் நேராகப் பெய்யும் மழையைக் கூட்டவும் இல்லை. அ-பதிவேட்டில் ஆயக்கட்டு 60 எக்டேர் என்று இருந்தால், ஊர்க்கூட்டத்தில் உளுந்து, பருத்தி பற்றிப் பேச உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

தூர்வாருவதற்கும் இதே கணக்கைப் போடுங்கள். 30 எக்டேரில் 30 சென்டிமீட்டர் மண் எடுத்தால் 90,000 கனமீட்டர். மூன்று யூனிட் டிப்பருக்கு எட்டரை கனமீட்டர் என்றால் பத்தாயிரம் நடைக்கு மேல். அத்தனை மண் எங்கே போகும், எந்தத் தெரு வழியாகப் போகும்? இன்னொன்று: மடைத்தூம்பின் மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்கு ஏறாது. மாட்டுக்கும் மீனுக்கும் பக்கத்துக் கிணறுகளுக்கும் அது உதவும், அதற்காகவே ஒரு மூலையில் தோண்டலாம். ஆனால் "பாசனக் கொள்ளளவு கூடும்" என்று அறிக்கையில் எழுதுவது பொய். என் அபிப்பிராயத்தில் பல குளங்களுக்குத் தூர்வாருதல் ஐந்தாவது வேலை. நிதி கொடுப்பவர்களுக்குப் படம் எடுக்க வசதியாக இருப்பதால் முதல் வேலையாகிவிடுகிறது.

யாரிடமெல்லாம் பேச வேண்டும்

விவசாயிகள் சங்கத்தைக் கூப்பிட்டால் நஞ்சை வைத்திருப்பவர்கள் வருவார்கள். அவர்கள் மட்டுமே ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. குளத்து உள்வாயில் ஆடு மேய்க்கிறவர்கள், அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுகிறவர்கள், வாத்து மேய்க்க வருகிறவர்கள், மீன் குத்தகைக்காரர், தாமரை இலை பறிக்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள் என்று பட்டியல் நீளும். காருக்குறிச்சிப் பக்கம் என்றால் பானை செய்கிறவர்களுக்குக் குளத்து மண்ணே மூலப்பொருள். எந்த மூலையில் நல்ல களி கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், அந்த மூலையை அள்ளி லாரியில் ஏற்றிவிட்டால் அவர்கள் கதி அவ்வளவுதான். பத்தமடைப் பாய்க்குக் கோரை வேண்டும். 'களை' என்று எழுதிக் கரையோரத்தை வழித்துவிடாதீர்கள்.

கூட்டம் போடும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன். கோயில் மண்டபத்தில் ஒரே கூட்டமாகப் போட்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள் என்று காட்டினால், யார் வரவில்லை என்பதைத்தான் அது காட்டும். சாதியால் பிரிந்து கிடக்கும் குடியிருப்புகள் இங்கே உண்டு. மேலத்தெருவில் பேசுவதைக் கீழத்தெருக்காரர்கள் முன்னால் பேச மாட்டார்கள். கடைமடையில் (பாசனத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில்) நிலம் வைத்திருப்பவர்கள் பல ஊர்களில் வேறு தெருக்காரர்கள். குடியிருப்புக்குக் குடியிருப்பு போய், பெண்களிடம் தனியாக, குழாயடியிலோ ஊரக வேலை நடக்கும் இடத்திலோ உட்கார்ந்து கேளுங்கள். பள்ளிக்கூடம், ரேஷன் கடைத் திண்ணை போன்ற பொது இடத்தில் கடைசிக் கூட்டத்தை வையுங்கள்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். குளத் தீர்மானத்துக்கு ஏற்ற நாள். தீர்மானத்தில் சர்வே எண்களையும் வேலையின் வரிசையையும் எழுத வையுங்கள். "குளத்தைச் சீரமைக்க வேண்டும்" என்று மட்டும் எழுதிய தீர்மானம் எந்த ஒப்பந்தக்காரருக்கும் வசதியானது.

சட்டமும் அனுமதியும்

சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நீர்வளத் துறைக் குளத்தில் ஆக்கிரமிப்பு என்றால் 2007-ம் ஆண்டுக் குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். முதலில் அளந்து எல்லை குறிக்க வேண்டும். ஒன்றியக் குளத்துக்கு 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். பராமரிப்புக்காகக் குளம் தூர்வாருவதற்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் முன் அனுமதி வேண்டியதில்லை, 2016 திருத்தம் விலக்கு தந்திருக்கிறது. ஆனால் தூர்வாருகிறேன் என்று சொல்லி மண்ணை விற்பது கனிமக் குற்றம். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டல் எடுக்கத் தாசில்தாரிடம் மனுப் போட வேண்டும்.

மலையடிவாரம் என்றால், 1988-ல் அமைந்த களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் சூழல் உணர்திறன் மண்டலத்துக்குள் குளம் வருகிறதா என்று வனத்துறையிடம் எழுத்தில் கேளுங்கள். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவையும் தேடிப் பாருங்கள். 2002 சட்டப்படி எல்லா ஊரிலும் இருக்க வேண்டும். பெரும்பாலும் பலகை இருக்கும்.

வேலையின் வரிசை

மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் வரத்துக்கால், சாலைக் குழாய்கள். பிறகு கலிங்கு. 2023 டிசம்பர் 17, 18-ல் நடந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மேலக்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் அடுத்த குளத்துக் கரையில்தான் மோதும், அதுவும் உடையும். எனவே கலிங்கின் நீளத்தையும் மறுகால் ஓடையின் அகலத்தையும் தொடரில் உள்ள எல்லாக் குளங்களுக்கும் சேர்த்துப் பாருங்கள். கலிங்கை உயர்த்தித் தண்ணீர் அதிகம் தேக்கலாம் என்று யாராவது சொன்னால், கரையையும் கீழ்க்குளத்தையும் காட்டுங்கள்.

மூன்றாவது மடை. ஷட்டர் துருப்பிடித்து ஒழுகிக்கொண்டிருந்தால் இரவு பகலாகத் தண்ணீர் வீண். நான்காவது கரை: பள்ளம் விழுந்த இடம், எலிவளை, மரவேர். கரையின் மேல் புது மரம் நடாதீர்கள். கரையடியில் பனை வைக்கலாம். ஐந்தாவதாகத்தான் தூர். கிண்ணம் மாதிரி ஒரே சரிவாக வழித்தெடுக்காமல், ஓரத்தில் முழங்கால் ஆழப் பகுதியை அப்படியே விடுங்கள். நீர்க்கோழியும் நாரையும் இரை தேடுவது அங்கேதான். சீமைக் கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் பறவை கூடு வைத்திருக்கும் மரத்தை முதலில் குறித்துவிட்டு, பக்கத்தில் நாட்டுக் கருவேலமோ நீர்மருதோ வளர்ந்த பிறகு எடுங்கள்.

காலமும் முக்கியம். பிசான அறுப்பு முடிந்து தண்ணீர் வற்றியதும் பங்குனி முதல் ஆனி வரை வேலை செய்வதுதான் வழக்கம். பறவைகள் குஞ்சு பொரித்து வளர்ப்பதும் பாதி அதே மாதங்களில்தான். 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, இப்போது ராம்சர் பட்டியலிலும் இருக்கிற கூந்தன்குளத்தில் பட்டாசு வெடிப்பதையே ஊரார் விட்டுவிட்டார்கள். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் வீட்டு மரத்திலேயே கூடு கட்டும். அந்த எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். உங்கள் குளத்தில் கூடுகள் இருந்தால் அந்தப் பகுதியை விட்டு மற்றப் பகுதியில் ஒரு வருடம், அங்கே அடுத்த வருடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

சாக்கடையும் குப்பையும்

பாளையங்கால்வாயும் நெல்லைக் கால்வாயும் நகரத்துக்குள் நுழைந்து வெளியே வரும்போது என்ன நிறம் என்று நெல்லைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நகரத்துக்குக் கீழே உள்ள குளமென்றால் வண்டலை வயலுக்குக் கொடுக்கும் முன் கன உலோகப் பரிசோதனை கட்டாயம். தண்ணீருக்கு, குளிக்கும் தரத்துக்கான மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அளவை வைத்துக்கொள்ளுங்கள்: கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, மொத்தக் கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டருக்கு 500-க்குள். மாதிரியைக் காலையில் ஒரு முறையும் மதியம் ஒரு முறையும் எடுங்கள். பாசி படர்ந்த குளத்தில் மதியம் ஆக்சிஜன் ஏறித் தெரியும், விடியும்போது இறங்கிவிடும். மீன் செத்து மிதப்பது விடியற்காலையில்தான்.

2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிப் போனதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, கேரளமே வந்து அள்ளிப் போனதும் நினைவிருக்கும். நெடுஞ்சாலையை ஒட்டிய குளமென்றால் லாரி இறங்கும் பாதையை அடைப்பதையும் மதிப்பீட்டில் சேருங்கள். நாலு கல்தூண் போதும்.

பணமும், வேலை முடிந்த பிறகும்

ஊரக வேலைத் திட்டம், துறை நிதி, ஊர்ப் பங்கோடு சேரும் 'நமக்கு நாமே', கம்பெனி நிதி என்று வழி பல. எதிலிருந்து எந்த வேலை என்று பிரித்து எழுதுங்கள். வரத்துக்கால் முள் அகற்றுவது கைவேலைக்குப் பொருந்தும். கலிங்குக் கட்டுமானம் பொருந்தாது. கம்பெனிக்காரர்களிடம் பெயர்ப்பலகை வைக்க இடம் கொடுத்துவிட்டு, சாலைக் குழாய்க்குப் பணம் கேளுங்கள்.

மொத்தத் தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மடை திறக்கிறவருக்கு முன்பு அறுப்பில் நெல் அளந்து கொடுத்தார்கள். அந்த வழக்கம் தேய்ந்த ஊரில் ஷட்டர் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாது. சாவி யாரிடம், கூலி யார் கொடுப்பது, வரத்துக்காலை ஆவணியில் யார் சுத்தம் செய்வது: மூன்றுக்கும் ஆயக்கட்டுக்காரர்கள் தீர்மானம் எழுதட்டும்.

மடைத்தூணில் பெயின்டால் அளவுகோல் போட்டு, வாரம் ஒரு முறை நீர்மட்டத்தை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நன்றாகவே செய்வார்கள். மறுகால் பாய்ந்த தேதி, மடை மூடிய தேதி, மீன் ஏலத் தொகை ஆகியவையும் அதே நோட்டில். மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார் 2011 முதல் ஜனவரி வாக்கில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். உங்கள் குளமும் அதில் வருகிறதா என்று கேட்டு, அந்த எண்ணிக்கையையும் சேருங்கள். வேலைக்கு முன் ஒரு பருவம், வேலைக்குப் பின் மூன்று பருவம் இந்த நோட்டு ஓடினால் திட்டம் பலித்ததா என்று யாரும் சொல்லாமலே தெரியும். ஒரு நகலை மேலக்குளத்து ஊராட்சிக்கும் இன்னொன்றைக் கீழக்குளத்து ஊராட்சிக்கும் வருடா வருடம் புரட்டாசிக்குள் அனுப்பச் சொல்லுங்கள். மழைக்கு முன்னால் பேச வேண்டியதை அவர்கள் பேசிக்கொள்வார்கள்.